கொதிக்க வைத்தாலும் போகாது

மகன்,

எவ்வளவு கோபம் வந்தாலும் ஸலாத்தை நிறுத்தக் கூடாது. அதனால் அஸ்ஸலாமு அலைக்கும் என்று சொல்லித்தான் தொடங்குகிறேன். அதற்கு மேல் இந்தக் கடிதத்தில் இனிப்பு எதையும் தேடாதே. அடுத்த மாதம் உனக்கு நிக்காஹ். உனக்கும் சுமையாவுக்குமாக அவளுடைய வாப்பா பன்குளத்தின் ஓரத்தை மண் போட்டு நிரப்பி வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். அந்தக் குளம் பச்சைப் பெயின்ட் ஊற்றியது போலக் கிடக்கிறது. அந்தப் பச்சையில் நஞ்சு இருக்கிறது என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாய். இது எனக்குத் தெரியவந்து ஒரு நாள்தான் ஆகிறது, அதுவும் உன் வாயால் அல்ல. நேரில் பேசினால் நீ என்னை இரண்டு சொல்லில் மடக்கிவிடுவாய். படித்த பிள்ளை, வாய்க்குக் குறைவில்லை. அதனால் எழுதுகிறேன். இதை ஊரே வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்களில் நானும் ஒருத்தி என்பதையும் இதில் எழுதத்தான் போகிறேன்.

உன் படிப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் விளங்காது என்று நினைக்காதே. இந்த ஊரில் தலை நரைக்கும் வரைக்கும் மருத்துவிச்சியாக வேலை செய்தவள் நான், ஊருக்கெல்லாம் 'மிஸ்'. கிருமி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். சயனோபக்டீரியா என்று நீ முதலில் சொன்னபோது மட்டும் அந்தப் பெயர் என் வாயில் நுழையவில்லை. "நீலப்பச்சைப் பாசி எண்டு வெச்சிக்கங்க உம்மா, உண்மையில அது பாசியில்ல, பக்டீரியாதான்" என்றாய். ஒரு விடுமுறைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து சின்னக் கண்ணாடித் தட்டு ஒன்றில் அதைக் கொண்டுவந்து, கறுப்புக் கடதாசியால் சுற்றி, ஒரு பக்கத்தில் மட்டும் கீறல் போல வெட்டி ஜன்னலில் வைத்தாய். சில நாள் கழித்துத் திறந்து காட்டினாய். தட்டு முழுக்கப் பரவியிருந்த பச்சை, கீறல் பக்கமாக விரல் விரலாக ஊர்ந்து போயிருந்தது. இதற்குக் கண் எங்கே என்று கேட்டேன். "கண்ணில்ல உம்மா. அந்தச் சின்ன உடம்பே வில்லைக் கண்ணாடி மாதிரித்தான். ஒரு பக்கத்தால வாற வெளிச்சம் மத்தப் பக்கத்தில போய்க் குவியும். அத வெச்சி வெளிச்சம் எங்கால வருகுது எண்டு அதுக்குத் தெரியும். பிறகு மயிர் மாதிரி ஒண்ட நீட்டி, ஒட்டி, இழுத்து இழுத்துப் போகும்" என்றாய். வெளிச்சம் கடுமையானால் திரும்பி ஓடும் என்றாய். சில இனம், சிவப்பு வெளிச்சமா பச்சை வெளிச்சமா என்று பார்த்துத் தன் நிறத்தையே மாற்றிக்கொள்ளும் என்றாய். இருட்டறையில் வைத்தாலும் விடியப் போகிறது என்று அதற்குத் தெரியும், அதற்குள்ளே ஒரு மணிக்கூடு ஓடுகிறது என்றாய். நான் ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்லிவிட்டு அன்று முழுக்க வருகிற போகிற எல்லோரிடமும் அதையே கதைத்துக்கொண்டு திரிந்தேன். என் மகன் இதைப் படிக்கிறான் என்று எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணுக்குக் கொடுத்த வீட்டுக்குப் போவான். உன் வாப்பா மவுத்தாவதற்கு முன்பே எங்கள் வீட்டை உன் கூடப்பிறந்த தாத்தாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். நான் இப்போது என் மகளின் வீட்டில், பின்னறையில் இருக்கிறேன். சுமையாவைப் பேசிப் போன அன்று, எல்லா மாப்பிள்ளை உம்மாமாரும் சொல்கிற அந்தச் சொல்லை நானும் சொன்னேன். "நாங்க ஒண்டும் கேக்கல்ல. உங்கட புள்ளைக்கு நீங்க விரும்பிக் குடுக்கிறதுதான்." இந்தச் சொல்லைவிட ஏமாற்றான சொல் எங்கள் ஊரில் இல்லை, மகன். ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தேன். கோப்பையை வைக்கும்போது, "மகன் ஆராய்ச்சி செய்யிற புள்ள, அவருக்கு மைக்ரஸ்கோப் வெக்க ஒரு தனி அறை இருந்தா நல்லம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். சுமையாவின் வாப்பா தலையை ஆட்டினார். அவருடைய வளவு சின்னது. முன்பக்கம் ரோட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள், பின்பக்கம் பன்குளம். என்னுடைய அந்த ஓர் அறைக்கு அத்திவாரம் போட வேண்டுமென்றால் குளத்துக்குள்தான் இறங்க வேண்டும். டிப்பர் டிப்பராகக் கிறவல் மண் வந்தது. குளத்து மிச்சத் தண்ணீர் தோணா ஓடைக்குப் போய்க் கடலில் சேருகிற வாய்க்கால் அந்த மூலையில்தான் இருந்தது. அதுவும் கிறவலுக்கு அடியில் போய்விட்டது. நான் போய்ப் பார்த்தேன். வாய்க்கால் மூடப்பட்டிருந்ததையும் பார்த்தேன். அறை பெரிதாக வரும் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மாரி முடிந்து வெயில் ஏறியதும் குளம் மாறத் தொடங்கியது. தண்ணீர் போக வழியில்லை. சுற்றியுள்ள வீடுகளின் குசினித் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் மட்டும் வந்து சேர்ந்துகொண்டே இருந்தன. கரையில் பச்சை ஆடை கட்டியது, மண்ணெண்ணெயும் அழுகலும் கலந்த ஒரு வாடை வந்தது. குளத்தை ஒட்டினாற்போல றஹீமாவின் வீடு. அவளை உனக்குத் தெரியும். புருஷன் கட்டாரில் லொறி ஓட்டுகிறான், மூன்று பிள்ளைகள், கடைசிப் பிள்ளைக்கு இன்னும் பல் முழுக்க முளைக்கவில்லை. அவளுடைய கிணற்றுக்கும் குளத்துக்கும் இடையில் ஒரு பாய் விரிக்கத்தான் இடமிருக்கும். நோன்பு காலத்தில் அவளுடைய கன்றுக்குட்டி குளத்தில் தண்ணீர் குடித்துவிட்டு அன்று பின்னேரமே விழுந்து செத்தது. அவள் பயந்துபோய் என்னிடம் வந்தாள். நான் பழைய மருத்துவிச்சி அல்லவா, வாயில் தயாராக ஒரு பதில் எப்போதும் இருக்கும். "கிணத்துத் தண்ணிய நல்லாக் கொதிக்க வெச்சிக் குடி புள்ள. கொதிச்சா எல்லாம் செத்துப் போகும்" என்றேன். அவள் அன்றிலிருந்து விறகு தேடித் தேடிக் கொதிக்க வைத்தாள். பிள்ளைகளின் போத்தலுக்கும் அதே தண்ணீர்தான்.

நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு வந்த நீ குளக்கரையில் குந்திக்கொண்டு எனக்கு விளங்கப்படுத்தினாய். இது நான் தட்டில் பார்த்த இனம் அல்ல, வேறொன்று என்றாய். உடம்புக்குள் சின்னச் சின்னக் காற்றுப் பைகள் வைத்திருக்கும், வெளிச்சம் வேண்டுமென்றால் மிதந்து மேலே வரும், வயிறு நிறைந்து பாரமானால் கீழே இறங்கும் என்றாய். ஓடுகிற தண்ணீர் அதற்குப் பிடிக்காது, அசையாத தண்ணீரும் சூடும் சவர்க்காரத்திலும் பசளையிலும் உள்ள சத்தும் சேர்ந்தால் இதுதான் நேரம் என்று பெருகிவிடும் என்றாய். அப்படியென்றால் வாய்க்காலை மூடியதுதான் காரணமா என்று நான் கேட்டேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. "சோதிச்சுப் பார்க்காம இதுதான் காரணம் எண்டு செல்ல ஏலா உம்மா" என்றாய். குளத்தில் ஒரு போத்தல், றஹீமாவின் கிணற்றில் ஒரு போத்தல் அள்ளிக்கொண்டு போனாய். றஹீமாதான் உனக்கு வாளி இறைத்துத் தந்தாள். "தம்பி பார்த்து முடிவு செல்லுவார்" என்று அதன் பிறகு எத்தனை தரம் என்னிடம் சொன்னாள் என்று உனக்குத் தெரியாது. நான் கேட்டபோதெல்லாம் நீ, இன்னும் முடிவு வரவில்லை என்றாய். ஆய்வுகூடத்தில் நெருக்கடி என்றாய். நானும் நம்பினேன்.

நேற்றுப் பகல் சுமையா வந்தாள். நிக்காஹ் பேசிய பெண் மாப்பிள்ளையின் உம்மாவைத் தேடித் தனியாக வருவது நம் ஊரில் வழக்கமில்லை. வந்து, கதவைச் சாத்திவிட்டு, "மாமி, நீங்க றஹீமா தாத்தாக்கிட்ட தண்ணியக் கொதிக்க வெக்கச் செல்லுறத்த நேத்தும் கேட்டன். அதுக்குப் பிறகு எனக்கு இரிக்க ஏலாமப் போச்சி" என்றாள். போனை என் கையில் தந்தாள். நீ ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன்பே அவளுக்கு எழுதியிருந்தாய். இரண்டு போத்தலிலும் நஞ்சு இருக்கிறது, கிணற்றிலும் இருக்கிறது, அது ஈரலைத் தாக்கும் என்று எழுதியிருந்தாய். கொதிக்க வைத்தால் போகாதா என்று அவள் கேட்டிருந்தாள். "போகாது" என்று ஒரு சொல்லில் பதில். கிருமி சாகும், அது விட்ட நஞ்சு தண்ணீரிலேயே நிற்கும். எல்லோரிடமும் சொல்லுங்கள் என்று அவள் மூன்று தரம் எழுதியிருந்தாள். மூன்றாவது தரத்துக்கு நீ எழுதிய பதிலை நான் மனப்பாடம் செய்துவிட்டேன். "இப்ப சென்னா வீட்டு வேல நிண்டு போகும். உம்மா ஆசப்பட்ட வீடு. நிக்காஹ் முடியட்டும், பிறகு பார்ப்பம்."

உம்மா ஆசைப்பட்ட வீடு. என்னைக் கொண்டுபோய் எங்கே நிறுத்தியிருக்கிறாய் என்று பார். என் ஆசை உனக்குக் குடையாகிவிட்டது, அதன் கீழ் நீ நனையாமல் நிற்கிறாய். நான் றஹீமாவிடம் கொதிக்க வை கொதிக்க வை என்று சொல்லிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். ஒவ்வொரு முறை கதைக்கும்போதும் நான் உனக்குச் சொன்னேன், றஹீமா கவனமாகக் கொதிக்க வைக்கிறாள் என்று. நீ "ஓம் உம்மா" என்றாய். அந்த ஓம் என்ற சொல்லை என்னால் மன்னிக்க முடியவில்லை. முடிவு வரவில்லை என்ற உன் பொய்யைக்கூட, பயந்துவிட்டான் என்று நினைத்துத் தாங்கிக்கொள்வேன். கொதிக்க வைப்பதற்கு நீ தலையாட்டினாய். அங்கே அதே தண்ணீரைப் பற்றி உன் ஆய்வுக் கட்டுரையில் ஓர் அத்தியாயம் எழுதிக்கொண்டிருக்கிறாய் என்று சுமையா சொன்னாள். குளத்துக்குப் பெயர்கூடப் போடவில்லையாம், ஓர் இலக்கம்தானாம்.

பக்டீரியாவைப் பார்த்துப் பாடம் படி என்று நான் சொல்ல வரவில்லை. அது மனம் வைத்து ஒன்றும் செய்வதில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய், நான் அவ்வளவு மடைச்சி இல்லை. ஆனால் உனக்குப் பிடித்த அந்தச் சங்கிலி இனத்தைப் பற்றிச் சொன்னாயே, வயலில் இருப்பது, அதை நினைத்துப் பார்த்தேன். தண்ணீரில் நைதரசன் குறைந்தால் சங்கிலி முழுக்க அந்தக் குறையை உணரும், பத்துக்கு ஒன்று என்ற மாதிரி, அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியான கலம் தன் சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டு, இனிப் பெருகுவதில்லை என்று நின்று, காற்றிலிருந்து சத்தை எடுத்துப் பக்கத்தில் உள்ளவற்றுக்குக் கொடுக்கும் என்றாய். மூளை இல்லை, நரம்பு இல்லை, குறை வந்தது தெரிந்ததும் ஏதோ ஒன்றைச் செய்கிறது. உனக்கு மூளையும் இருக்கிறது, பட்டமும் இருக்கிறது. தெரிந்ததும் நீ என்ன செய்தாய்? எழுதி வைத்தாய். தெரிந்துகொள்வதே செய்து முடித்த மாதிரி என்று உனக்கு யார் சொல்லித் தந்தது?

அதுவும் நான்தானோ என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். நீ வயிற்றில் இருந்த காலத்தில் நடந்த ஒன்றை உனக்குச் சொன்னதில்லை. ஒரு வீட்டில் குழந்தைக்கு எடை ஏறவில்லை. மாதாமாதம் நிறுத்துப் பார்த்து அட்டையில் எழுதினேன். கோடு கீழே இறங்கியது. அந்த வீட்டாருக்கும் எங்கள் வீட்டாருக்கும் எல்லை வேலியில் ஒரு பழைய சண்டை. தாயோடு நின்று கதைக்க எனக்கு மனம் வரவில்லை. கோட்டைக் கீறிவிட்டு, அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு நாள் பிள்ளையை மூச்சில்லாத மாதிரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளை பிழைத்தது, அல்ஹம்துலில்லாஹ். பிறகு அந்தத் தாய் என்னைக் கண்டு, "எனக்கு வாசிக்கத் தெரியா எண்டு உங்களுக்குத் தெரியும்தானே மிஸ். நீங்க எழுதிப் போட்டுப் போனீங்க" என்று மட்டும் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டுத் தப்பியிருப்பேன். அன்றைக்குப் பிறகு எந்த வீட்டிலும் நான் அட்டையை மட்டும் கொடுத்துவிட்டு வந்ததில்லை. இதை உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். என் மானம் போய்விடும் என்று மறைத்தேன். என் பிழையை மறைத்து, நல்ல பேர் மட்டும் காட்டி உன்னை வளர்த்திருக்கிறேன். அதனால் பிழை தெரிந்தால் ஒளித்து வைப்பதுதான் மரியாதை என்று நீ படித்துவிட்டாய் போல.

நேற்று அஸர் தொழுதுவிட்டுச் சுமையாவின் வீட்டுக்குப் போனேன். மேசன்மார் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய வாப்பா கதிரை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"வேலைய நிப்பாட்டுங்க. பின்பக்கம் போட்ட மண்ண எடுத்து வாய்க்கால வெட்டி விடணும். நான் கேட்ட அறை எங்களுக்கு வேணாம்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன மிஸ் இது? இந்தப் புள்ள பிறந்த நாள்ல அவள நிறுத்துப் பார்த்தவங்க நீங்க. இப்ப நிக்காஹுக்கு நாள் குறிச்சாப்போல வீட்ட இடிக்கச் செல்லுறீங்க. புள்ளைக்கு வீடு குடுக்க வக்கில்லாதவன் எண்டு ஊர் என்னச் சிரிக்கும்."

நான் நஞ்சைப் பற்றிச் சொன்னேன். கிணற்றைப் பற்றிச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "மாப்பிள்ள ரெண்டு தரம் வந்து பார்த்தவர். அத்திவாரத்தில ஏறி நிண்டு போட்டோவும் எடுத்தவர். ஒரு வார்த்த செல்லல்லயே. அவர் படிச்சவர், அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?" என்றார். சுமையா அறைக்குள்ளிருந்து வந்து, "வாப்பா, அவருக்குத் தெரியும். நாங்க கல்முனையில வாடகைக்கு இருந்துக்குவம்" என்றாள். அவர் மகளைப் பார்த்தார், பிறகு எனக்குப் போட்ட கதிரையில் தான் உட்கார்ந்து, தலைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கடைசியில், "மாப்பிள்ள தன்ட வாயால எனக்கிட்ட செல்லட்டும். சென்னா நானே மண்ண அள்ளுவன். திங்கக்கிழமை அடுத்த லோட் வருகுது, அதுக்கு முந்திச் செல்லட்டும்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. நாம் கேட்டதைக் கொடுக்கத்தான் அவர் குளத்துக்குள் இறங்கினார். திங்கட்கிழமைக்கு முன்பு நீ அவரோடு கதைக்க வேண்டும். என் பெயரை முன்னால் போடாமல் கதை. உன்னை மாப்பிள்ளையாகப் பார்க்கிறவளுக்கு அது தேவை. அவள் இன்னும் உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே விளங்கவில்லை.

அங்கிருந்து நேரே றஹீமாவிடம் போனேன். அடுப்பில் பெரிய அலுமினியப் பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சின்னவன் அவள் இடுப்பில் இருந்தான். நான் பானையை இறக்கி வாசலில் ஊற்றினேன். "கொதிக்க வெச்சாலும் போகாது புள்ள. நான் உனக்குப் பிழையாச் சென்னன். இந்தத் தண்ணி வாயில வெக்கக் கூடா, சோத்துக்கும் வேணாம். எங்கட வீட்டுக் குழாய்த் தண்ணிய அள்ளு, நான் மகளிட்டச் செல்லிட்டன். நாளைக்குப் புள்ளையள டொக்டரிட்டக் காட்டுவம், நானும் வாறன்" என்றேன். அவள் அழவில்லை, என்னை ஏசவும் இல்லை. பிள்ளையின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். கண்ணின் வெள்ளையை விரித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "இது தம்பிக்கு எப்ப தெரியும் மிஸ்?" என்று கேட்டாள்.

அந்த இடத்தில் எனக்குப் பொய் சொல்ல வசதி இருந்தது. இப்போதுதான் முடிவு வந்தது என்று சொல்லியிருக்கலாம், அவள் நம்பியிருப்பாள், உன் பேர் தப்பியிருக்கும். பெற்ற வயிறு அப்படித்தான் சொல்லச் சொன்னது. நான் சொல்லவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன்பே அவனுக்குத் தெரியும் என்றேன். அவள் விரலை மடித்து எத்தனை நாள் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள். "அவர்ட நம்பரைத் தாங்க, நான் கேக்கணும்" என்றாள். கொடுத்துவிட்டு வந்தேன். அவள் உனக்கு அழைப்பாள், மகன். அந்த நாட்களில் சின்னவன் எத்தனை போத்தல் குடித்தான் என்று அவள்தான் சொல்வாள். எடுத்துக் கேள்.

உன் உம்மா